எங்கள் வண்டிப்பாதை வழக்கை நடத்திய சிவில் வழக்கறிஞர்

சோழவந்தான் பக்கம் எங்களுக்கு 1 ஏக்கர் 12 சென்ட் நிலம் இருக்கிறது. பாதி தென்னை, பாதி வெற்றிலைக் கொடிக்கால். வெற்றிலைக்காரனுக்கு விடியற்காலைதான் உயிர். கிள்ளிய இலையைக் கவுளி கட்டி, வாடுவதற்குள் மதுரைக்கு ஏற்றிவிட வேண்டும். அதற்கு வண்டி கொடிக்கால் வாசல்வரை வந்தாக வேண்டும். 2017இல் எங்களுக்கு வடக்கே உள்ள நிலத்தை வாங்கியவர் அந்த வண்டிப்பாதையில் கல்தூண் ஊன்றி, இரும்புக் கேட் போட்டு அடைத்துவிட்டார். அதிலிருந்து ஏழு ஆண்டுகள் எங்கள் வெற்றிலை வாய்க்கால் கரையில் ஒற்றையடித் தடம் வழியாகத் தலைச்சுமையாகத்தான் வெளியே வந்தது. மழைக்காலத்தில் அந்தக் கரையில் கூடையோடு வழுக்கி விழுந்த பெண்களை நான் தூக்கிவிட்டிருக்கிறேன்.

இப்போது வண்டி மறுபடியும் கொடிக்கால் வாசலில் வந்து நிற்கிறது. அதற்குக் காரணமானவர் மதுரையில் உரிமையியல் வழக்குகளை மட்டும் நடத்துகிற ஒரு வழக்கறிஞர் அம்மா. அவருடைய சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் பெயரையும் முகவரியையும் போடவில்லை. அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி. வாசலில் மாட்டும் பெயர்ப் பலகைகூட அளவோடு இருக்க வேண்டும்; இன்ன வகை வழக்கில் தேர்ந்தவர் என்று அதில் எழுதக் கூடாது. இது தெரியாமல் பலகையைப் பார்த்து வழக்கைக் கொடுத்ததில்தான் என் முதல் நான்கு ஆண்டுகள் வீணாயின. ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன். அவர் எங்கே வேலை கற்றார், அந்தப் பின்னணி என் வழக்கில் எந்தெந்த இடத்தில் கைகொடுத்தது என்பதைச் சொல்கிறேன். நிலத் தகராறோடு வக்கீல் தேடிப் போகிறவர்கள் யாரிடம் போனாலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் போன இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வக்கீலின் பலகையில் சிவில், கிரிமினல், குடும்பம், வாகன விபத்து, வங்கி என்று எல்லாம் இருந்தது. பத்திர நகலை வாங்கி வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் பேசி முடித்து, ஒரு வாரத்தில் வாடிப்பட்டி நீதிமன்றத்தில் பிராது போட்டார். அதன் பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. நடுவில் கொரோனாவும் வந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போவேன். அவருடைய ஜூனியர் வந்து அடுத்த தேதி சொல்லுவார். பிராதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் எனக்குப் படித்துக் காட்டியதில்லை. கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: "இங்கே எப்படிப் போனாலும் பரவாயில்லை, ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்."

2021 கடைசியில் என் மைத்துனர் இந்த அம்மாவிடம் அழைத்துப் போனார். அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கி, மாவட்ட நீதிமன்றத்தைத் தாண்டி நடக்கிற தூரம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடி. முன்னறையில் குமாஸ்தா, அவருக்குப் பின்னால் சிவப்பு நாடா கட்டிய வழக்குக் கட்டுகள் ஆண்டுவாரியாக அடுக்கியிருந்தன. வழக்கறிஞர் அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, நூல் சேலை, மூக்குக்கண்ணாடி. நான் கேட் போட்ட கதையைத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதைப் பிறகு கேட்கிறேன் அண்ணே. மூலப்பத்திரம் எங்கே?"

நகல் கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். நகலைத் தொடக்கூட இல்லை. அசல் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அன்று ஒரு ரூபாய் வாங்கவில்லை.

அசல், என் தாத்தாவும் அவர் தம்பியும் 1968இல் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம். வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தோம். முத்திரைத் தாள்கள் மடிப்பில் கிழிந்து, மை பழுப்பேறிப் போயிருந்தது. அதை மேசையில் விரித்து, ஒரு மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, வரிவரியாக வாய்விட்டுப் படித்தார். ஒரு வரி முடிந்தால்தான் ஸ்கேல் கீழே இறங்கும். புள்ளி இல்லாத எழுத்து, சேர்த்து எழுதிய சொற்கள், தமிழ் எண்ணில் போட்ட அளவுகள், எதிலும் தடங்கவில்லை. ஏழாம் பக்கத்தின் அடியில் ஸ்கேல் நின்றது. அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு பத்திரத்தை என் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். வாய்க்காலுக்கும் வடபாகத்து நிலத்துக்கும் நடுவில் 10 அடி அகல வண்டிப்பாதை பொதுவில் விடப்பட்டிருப்பதாகவும், அதில் ஆள் நடக்க, வண்டி ஓட்ட, கால்நடை ஓட்டிப் போகத் தென்பாகத்துக்காரருக்கு என்றைக்கும் பாத்தியம் உண்டு என்றும் என் தாத்தா எழுதி வாங்கியிருந்தார்.

பழைய பிராதில் இந்த வரி இல்லவே இல்லை. எங்கள் நிலத்துக்கு வேறு வழி கிடையாது, ஆகவே அவசியத்தால் வரும் வழியுரிமை வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதில் என்ன கேடு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி அவசியத்தால் வரும் உரிமை, அவசியம் தீர்ந்தால் போய்விடும். "வாய்க்கால் கரை இருக்கிறதே, அதில் போகட்டும்" என்று எதிரி எடுத்த ஒரே வாதம் அதனால்தான் நான்கு ஆண்டுகளாக எங்களை நெருக்கிக்கொண்டிருந்தது. பத்திரத்தில் எழுதிக் கொடுத்த உரிமை அப்படிப்பட்டதல்ல. பக்கத்தில் தார்ச் சாலையே வந்தாலும் அது போகாது. என் தாத்தா எழுதி வாங்கிய உரிமையை விட்டுவிட்டு, இல்லாதவன் கேட்பது போலக் கேட்டிருக்கிறோமே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது.

அப்போதுதான், இவ்வளவு பழைய எழுத்தை எங்கே படிக்கக் கற்றீர்கள் அம்மா என்று கேட்டேன். அவர் பின்னணியை நான் தெரிந்துகொண்டது அன்றும், பிறகு வாடிப்பட்டி நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்த நாட்களிலும்தான்.

அவருடைய அப்பா கிராமக் கர்ணம், அதாவது ஊர் நிலக் கணக்கு எழுதுபவர். 1980 நவம்பரில் தமிழ்நாடு அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது அவருக்கும் வேலை போனது. மகளுக்கு அப்போது பத்து வயது. கணக்குப் புத்தகங்களைத் தாலுகாவில் ஒப்படைத்துவிட்டார். ஆனால் ஊர்க்காரர்கள் பத்திரத்தையும் பட்டாவையும் தூக்கிக்கொண்டு அவரிடமே வந்தார்கள். "இது யார் கை எழுத்து, இந்தச் சர்வே எண் எந்த வயல்" என்று திண்ணையில் கேட்டுக் கேட்டுத்தான் அவர் மகள் வளர்ந்திருக்கிறார். சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு, வயலின் எல்லை வரைபடமான புலப்படம் என்று நில ஆவணங்கள் எல்லாம் அவருக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்பே பழக்கம். மதுரை அரசு சட்டக் கல்லூரியில் படித்து, 1994இல் சென்னைக்குப் போய்ப் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டார்.

அதன் பிறகு பதினொரு ஆண்டுகள் ஒரே சீனியரிடம் ஜூனியர். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். முதல் மூன்று ஆண்டுகள் வாய் திறந்து வாதாட விடவில்லையாம். பிராதைக் கையால் படி எடுப்பது, அலுவலகத்துக்கு வரும் பத்திரங்களுக்குச் சுருக்கம் எழுதுவது, நீதிமன்றம் குறை சொல்லித் திருப்பிய பிராதுகளைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது, இவைதான் வேலை. எல்லை அளவு இல்லை, நான்கெல்லை பொருந்தவில்லை, கட்டணம் குறைவு, வழக்குக்குக் காரணம் எழுந்த தேதி இல்லை என்று திரும்பி வந்த பிராதுகளைத் திருத்தித் திருத்தி, ஒரு பிராதில் எது இல்லாவிட்டால் எது கெடும் என்பதைக் கற்றிருக்கிறார். நான்காம் ஆண்டுதான் முதல் குறுக்கு விசாரணை. அதற்கு முந்தைய நாள் கேள்விகளை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினாராம். சீனியர் பாதியை அடித்துவிட்டு மீதியைக் கொடுத்தாராம்.

2004 ஜூலை 24இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தது. அதுவரை மேல்முறையீட்டுக்கு வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறிய தென்மாவட்ட வக்கீல்களுக்கு ஒத்தக்கடைப் பக்கமே உயர் நீதிமன்றம் வந்துவிட்டது. அவரோடு படித்தவர்களில் பலர் அங்கே போனார்கள். இவர் போகவில்லை. வாடிப்பட்டி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று, வழக்கு முதலில் விசாரணைக்கு வரும் முன்சீப் கோர்ட்டுகளிலும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தின் சார்பு நீதிமன்றங்களிலும்தான் இன்றுவரை. ஏன் என்று கேட்டேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவைச் சொன்னார். இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் முக்கியமான சட்டக் கேள்வி இருக்கிறதா என்றுதான் பார்க்கும். பாதை இருந்ததா, எத்தனை அடி, யார் அடைத்தார் என்பதையெல்லாம் மறுபடி எடைபோட உட்காராது. "வெற்றிலைக்கு வேர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் விடுவீர்கள். நிலத்து வழக்குக்கு வேர் முன்சீப் கோர்ட்டில் இருக்கிறது அண்ணே" என்றார். ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்கு ஆண்டுகள் என்னிடம் சொன்னதை அந்த நிமிடம் நினைத்துப் பார்த்தேன். பார்த்துக்கொள்ள அங்கே எதுவுமே மிஞ்சியிருக்காது.

வழக்கை மாற்றுவதிலும் ஒரு சிக்கல் வந்தது. பழைய வக்கீல் கட்டைத் தர மாட்டேன் என்றார்; பாக்கி இருக்கிறதாம். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, சண்டை வேண்டாம், நியாயமான பாக்கி எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள், அதைக் கொடுத்துவிடுங்கள், மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள் என்றும் அவர்தான் சொன்னார். கடிதத்தை அவரே எழுதிக் கொடுத்தார். பத்து நாளில், வக்காலத்து மாற்ற ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்தோடு கட்டு வந்துவிட்டது.

கட்டைப் பிரித்தபோது இன்னொரு குறை தெரிந்தது. எங்கள் பட்டாவில் பரப்பு 0.45.5 ஹெக்டேர், அதாவது நாற்பத்தைந்தரை ஏர். பத்திரத்தில் உள்ள 1 ஏக்கர் 12 சென்ட்டுக்கு அது சரியாகப் பொருந்தும். பிராதின் சொத்து விவரத்தில் அதை 0.54.5 என்று அடித்திருந்தார்கள். இரண்டு எண்கள் இடம் மாறியதில் எங்கள் நிலம் 22 சென்ட் கூடிவிட்டது. எதிரி தந்த பதிலான எதிர்வழக்குரையில் அதைப் பிடித்துக்கொண்டு, வாதி அடுத்தவர் நிலத்தையும் சேர்த்துக் கேட்கிறார் என்று எழுதியிருந்தார்கள். நான்கு ஆண்டுகளாக அது அப்படியே கிடந்திருக்கிறது. இந்த அம்மா பட்டாவையும் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து, சென்ட்டை ஏராக்கி ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் கணக்குப் போட்டு, பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். கர்ணம் வீட்டுப் பிள்ளை என்பது அங்கே தெரிந்தது.

பிராதைத் திருத்த மனுப் போட்டார். விசாரணை தொடங்கிவிட்டால் திருத்தத்துக்கு நீதிமன்றம் எளிதில் இடம் கொடுக்காது. நல்ல வேளையாக எங்கள் வழக்கில் சாட்சி கூண்டு ஏறவில்லை. பழைய பிராதில், தடுக்கக் கூடாது என்ற உறுத்துக்கட்டளை மட்டும்தான் கேட்டிருந்தார்கள். கேட் போட்டு அடைத்த பிறகு தடுக்கக் கூடாது என்று மட்டும் கேட்டால் கேட் எப்படிப் போகும்? பத்திரப்படி பாதையில் உரிமை உண்டு என்று நீதிமன்றமே அறிவிக்கும் விளம்புகை, கேட்டையும் தூண்களையும் அகற்றச் செயலுறுத்துக் கட்டளை, இனிமேல் தடுக்காமலிருக்க நிரந்தர உறுத்துக்கட்டளை என்று மூன்றையும் சேர்த்தார். பாதையின் நீளம், அகலம், தொடங்கும் இடம், முடியும் இடம் எல்லாவற்றையும் எழுதி, வரைபடத்தில் சிவப்பு மையில் பாதையைக் குறித்து இணைத்தார். தாக்கல் செய்வதற்கு முன் முழுப் பிராதையும் என்னை உட்கார வைத்துப் படித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார். கீழமை நீதிமன்றத்தில் தமிழிலேயே பிராது போடலாம். அவர் தமிழிலேயே எழுதுகிறார். என் வழக்கு என் மொழியில் இருந்ததை முதன்முறையாக அன்று பார்த்தேன்.

அடுத்து ஆணையர் மனு. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர், நில அளவர், கிராம நிர்வாக அலுவலர் மூவரும் வந்து அளந்தார்கள். அன்று காலை ஆறரைக்கே இந்த அம்மா கொடிக்காலுக்கு வந்துவிட்டார். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். எதிரியின் கிரையப் பத்திரத்தில் அவர் நிலம் 80 சென்ட். வேலிக்குள் அளந்தபோது 87 சென்ட் வந்தது. 10 அடி அகலம், 300 அடி நீளம் என்றால் 3,000 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கிட்டத்தட்ட 7 சென்ட். காணாமல் போன எங்கள் பாதை அளவு மாறாமல் அந்த வேலிக்குள் கிடந்தது. ஆணையரின் அறிக்கையில் அந்த எண் ஏறியதும் வழக்கின் பாதி முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அவர் அப்படிச் சொல்லவில்லை. "எண் நமக்குச் சாதகம். சாட்சி இன்னும் இருக்கிறது" என்றார்.

1968ஆம் ஆண்டுப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள், சாட்சிகள், எழுதியவர் யாரும் உயிரோடில்லை. அதை எப்படி நிரூபிப்பது என்று நான் கவலைப்பட்டேன். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பத்திரம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்து அவரவர் கையெழுத்தே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 90ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில் 92. எங்கள் டிரங்குப் பெட்டிதான் அந்த உரிய இடம். அதனால்தான் முதல் நாளே அசலைக் கேட்டிருக்கிறார். வா.சா.ஆ.1, அதாவது வாதி தரப்புச் சான்றாவணம் 1 என்று அதற்கு நீதிமன்ற முத்திரை விழுந்தபோது எனக்குத் தாத்தா நினைவு வந்துவிட்டது.

எதிரியை அவர் குறுக்கு விசாரணை செய்ததை வாழ்நாளில் மறக்க மாட்டேன். படங்களில் வருவது போல எதுவும் இல்லை. குரல் உயரவில்லை. எதிரியே தாக்கல் செய்த அவருடைய கிரையப் பத்திரத்தை அவர் கையில் கொடுக்கச் சொன்னார்.

"இது நீங்கள் வாங்கிய பத்திரம்தானே?"

"ஆமாம்."

"நிலத்தைப் பார்த்து, எல்லையைத் தெரிந்துகொண்டு வாங்கினீர்களா?"

"பார்த்துத்தான் வாங்கினேன்."

"மூன்றாம் பக்கத்தில் நான்கெல்லை இருக்கிறது. வாய்க்கால் பக்கத்து எல்லையை மட்டும் படியுங்கள்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். 'வண்டிப்பாதைக்கு மேற்கு' என்று இருந்தது. நீதிபதி தலை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு உள்ளே துடித்தது. அப்படியானால் ஏன் பாதையை அடைத்தீர்கள் என்று கேளுங்கள் அம்மா என்று எழுந்து கத்தலாம் போலிருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. வேறு இரண்டு தேதிகளைப் பற்றிக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்து, ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "ஏன் என்று கேட்டால் அவர் காரணம் சொல்லத் தொடங்குவார். நமக்கு வேண்டியது காரணம் இல்லை, அந்த மூன்று சொற்கள் அவர் வாயால் பதிவாக வேண்டும். ஆகிவிட்டது" என்றார். மூன்று சொற்களா என்று மனத்தில் எண்ணிப் பார்த்தேன். வண்டி, பாதை, மேற்கு. பதினொரு ஆண்டுகள் சீனியர் அடித்துவிட்ட கேள்விகளிலிருந்து அவர் கற்றது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எதிர்த்தரப்பே சமரசத்துக்கு வந்தது. எனக்கு இஷ்டமில்லை. ஏழு ஆண்டு தலைச்சுமை சுமக்க வைத்தவரோடு என்ன சமரசம்? தீர்ப்பு வாங்கிவிடலாம் என்று பிடிவாதமாக நின்றேன். பாதை முழுவதும் 10 அடி விடுகிறேன், மோட்டார் அறை கட்டியிருக்கும் ஒரு மூலையில் மட்டும் 8 அடி என்று அவர் கேட்டார். அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: உங்கள் வெற்றிலை ஏற்றும் வண்டி எத்தனை அடி அகலம்? அளந்து பார்த்தேன். சிறு சரக்கு வண்டி 5 அடிகூட இல்லை; டிராக்டரும் அந்த மூலையில் தாராளமாகப் போகும். தீர்ப்பு வாங்கினால் அவர் மேல்முறையீடு போவார், அது இன்னும் எத்தனை ஆண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசமாக முடித்தால் அந்த முடிவின்மேல் மேல்முறையீடே கிடையாது. அது தீர்ப்பாணைக்குச் சமம். கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "முடிவு உங்களுடையது. தீர்ப்புத்தான் வேண்டும் என்றால் நடத்துகிறேன்" என்றார். வீட்டில் இரண்டு நாள் பேசினோம். 2024 கடைசியில் வாடிப்பட்டியிலேயே மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்தானது. கேட்டை எதிரியே ஆள் வைத்துக் கழற்றினார். மேல்முறையீடு என்று வழக்கு நீண்டால் வக்கீலுக்குக் கட்டணம் வரும். வழக்கை முடிக்கச் சொன்ன வக்கீலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கட்டண விவரமும் சொல்ல வேண்டும். மொத்தம் 40,000 ரூபாய் என்று முதலிலேயே பேசி, மூன்று தவணையாக வாங்கினார், ஒவ்வொன்றுக்கும் ரசீது. ஆணையர் கட்டணம், சம்மன் படி, நகல் செலவு எல்லாம் குமாஸ்தா ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, கடைசியில் மிச்சமிருந்த 640 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். இடையில் நான் பார்க்கப் போன வேறொருவர், ஜெயித்தால் நிலத்தில் 5 சென்ட் என்று கேட்டிருந்தார். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதோ, கிடைப்பதில் பங்கு கேட்பதோ வழக்கறிஞர்களுக்கு விதிப்படி கூடாது. இதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் கொடிக்காலில் இலை கிள்ள வரும் பெண் ஒருவருக்குப் பாகத் தகராறு இருந்தது. என்னோடு அழைத்துப் போனபோது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று சொல்லி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைத்தார்.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்து; எழுபத்தொன்பது வயதான என் தாயை ஒரு கையெழுத்துக்காக ஏற்றி இறக்க நாங்கள் பட்ட பாடு பெரிது. பிராதைத் திருத்தி எழுத ஐந்து வாரம் ஆக்கினார். அவசரப்படுத்தினால் இன்னும் தாமதமாகும். மாலை ஏழு மணிக்கு மேல் அழைத்தால் எடுப்பதில்லை, அது கட்டு படிக்கும் நேரம். ஒருமுறை நீதிபதி விடுப்பு என்பதை ஜூனியர் சொல்ல மறந்துவிட்டார்; கொடிக்கால் வேலையைப் போட்டுவிட்டு நான் போய் வெறுமனே திரும்பினேன். அதற்கு வருத்தம் தெரிவித்தார். அதோடு நிற்காமல், என் மகனை அழைத்து, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்கச் சி.என்.ஆர். எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். எதிரி என்மேல் போலீசில் ஒரு பொய்ப் புகார் கொடுத்தபோது, அது தன் வேலை இல்லை என்று வேறொருவரிடம் அனுப்பிவிட்டார். அன்றைக்கு அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஜெயிப்பீர்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆறுதல் தேடிப் போகிறவர்களுக்கு அவர் பேச்சு வறட்சியாகத்தான் தெரியும்.

வக்கீலைப் பார்க்கப் போகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள்: எந்த ஆண்டு பதிவு செய்தீர்கள், யாரிடம் எத்தனை ஆண்டு ஜூனியராக இருந்தீர்கள், கடைசியாக நீங்களே சாட்சியை விசாரித்த நில வழக்கு எது? பார் கவுன்சில் பதிவு எண்ணின் கடைசியில் ஆண்டு இருக்கும். இந்தக் கேள்விகளுக்கு அவர் கோபப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டு பழைய ஒரு கட்டை எடுத்து, பெயர்களை மறைத்துக்கொண்டு, தன் கையெழுத்தில் இருந்த விசாரணைக் குறிப்புகளையே காட்டினார்.

போன மாதம் அசல் பத்திரத்தை வாங்கப் போனேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேட்டித் துணியையும் மடித்து வைத்திருந்தார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கியபின் இன்னொரு வேலையும் கொடுத்தார். புலப்படத்தில் பாதை இன்னும் ஏறவில்லை. மக்கள் நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட நகலையும் ஆணையரின் வரைபடத்தையும் வைத்து, உட்பிரிவு செய்து பாதையைக் குறிக்கச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டுமாம். மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை வாடிப்பட்டி தாலுகா அலுவலகத்துக்குப் போகிறேன்.